பீப்பாய் உருட்டி வாங்கிய பேஸ் பெட்டி

என் மகனின் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கொடுக்கிற பெட்டி வாங்கப் பதுளைக்கு நானும் கூடப் போனேன் என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் லயத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெட்டி வரப்போகிற வீட்டில் மழை நாளெல்லாம் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். நான் கேட்டுப் பார்க்காத பெட்டி இந்தப் படியேறாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் என் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். மடுல்சீமைப் பக்கம், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் எங்கள் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். எங்களுடையது தொங்கல் காம்பரா. அதற்கு அப்புறம் வீடு கிடையாது. மழைத் தண்ணீர் போகிற கான் ஓடுகிறது, கானுக்குக் கல் கட்டியிருக்கிறது, கானுக்கு அந்தப் பக்கம் மலை நிற்கிறது. அடியில் கொழுந்து எடுக்கிற தேயிலை. அதற்கு மேலே கைவிட்ட தேயிலை, ஆள் உயரத்துக்குக் காடாகிப் போனது. உச்சியில் டர்பன்டைன் மரங்கள்.

எங்கள் பின் செவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. முதலில் தலைமயிர் போல இருந்தது. இப்போது என் சுண்டு விரல் போகும். மண்ணைச் சோதிக்கிற ஆபீசர்மார் வந்து வெடிப்புக்குக் குறுக்கே சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, பெரிய மழை பெய்தால் ஸ்கூலுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பக்க மேட்டில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறது. எங்கள் முறை இன்னும் வரவில்லை. பெரிய மழைக்கு ஸ்கூலுக்குப் போகிறோம், விட்டதும் திரும்பி வருகிறோம். சின்ன மழைக்கு வீட்டிலேயே இருக்கிறோம். எது சின்ன மழை, எது பெரிய மழை என்று மலைக்குத்தான் தெரியும்.

மலை சரிந்து வருகிற சத்தம் எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கிற காலத்தில் ஒரு காலைப் பொழுதில் கேட்டிருக்கிறேன். ரோடு இல்லாத இடத்தில் லொறி வருகிற மாதிரி. காதில் கேட்பதற்கு முந்தி குதிகாலில் கேட்கும். நாங்கள் மேல் மலையில் நின்றோம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயம் எங்கள் கண் முன்னால் போனது. என் தங்கச்சி அந்த லயத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்றையிலிருந்து மழை என்றால் நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொள்வேன்.

என் மகன் பதுளையில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். சனி ஞாயிறு நாலு பேர் சேர்ந்த ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கலியாண வீடு, கோயில் திருவிழா, எல்ல டவுனில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டல் என்று போவார்கள். மற்றக் கிட்டார் பாடும். இவனுடைய கிட்டார் உறுமும். நாலே நாலு கம்பி, அதுவும் கொடிக்கயிறு போலத் தடிப்பு. கம்பியில் ஒரு சத்தமும் வராது. பெட்டியில் மாட்டினால் வரும்.

அவன் முதல் நாள் வீட்டில் பெட்டியில் மாட்டி வாசித்தபோது நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ வாசிக்கிறது பாட்டு இல்லடா, மலை வர்ற சத்தம்டா என்று சொன்னேன். அம்மா, அதுக்குப் பேருதான் பேஸ் என்று சிரித்தான்.

அந்தப் பழைய பெட்டி யாரோ வாசித்து முடித்துக் கொடுத்தது. உர மூட்டை கனம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அதை என்னுடைய பழைய கொழுந்துக் கூடைக் கயிற்றால் கட்டி, கயிற்றை நெற்றியில் கொடுத்து, குனிந்து தூக்கி வருவான். நாற்பது வயது ஆகவில்லை, அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டியின் வாயில் இருக்கிற காகிதமும் கிழிந்து போய், உறுமாமல் கொரகொர என்று இழுத்தது. வெளித் திடலில் ட்ரம்ஸ் அடிக்கத் தொடங்கினால் நீ வாசிக்கிறதே கேட்கவில்லை, ஒரு பெட்டியைப் பாரு, இல்லையென்றால் நாங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டி வரும் என்று பேண்டின் பெரிய ஆள் சொல்லிவிட்டார். மகன் அதை என்னிடம் சொல்லவில்லை. மருமகள்தான் சொன்னாள்.

ஆகவே அவனுக்கு ட்ரம்ஸை மீறிக் கேட்கிற பெட்டி வேண்டும், தூக்கவும் லேசாக இருக்க வேண்டும். எனக்கு, அவன் வாசிக்கும்போது மலை புறப்பட்டால் அது என் காலுக்குத் தெரிய வேண்டும்.

பதுளையில் கிட்டார் சாமான் விற்கிற கடை மார்க்கெட்டுக்குப் பின் பக்கம். கடைக்காரர் எங்கள் ஆள்தான், தகப்பன் காலத்திலிருந்து டவுனில் வியாபாரம். என்னைப் பார்த்ததும் பாட்டிக்கு ஒரு கதிரை போடு என்றார். பாட்டின்னு எம் பேத்தி கூப்பிடுவா, நீங்க அம்மான்னே சொல்லுங்க மொதலாளி என்றேன். உடனே மாற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். பதினைந்து இஞ்சு அகல வாய். திருவிழாத் திடலில் வைத்தாலும் பின்வரிசைக்காரன் நெஞ்சில் போய் இடிக்கும் என்றார். மகன் கிட்டாரை மாட்டி அடிக் கம்பியை ஒரு தடவை தட்டினான். கண்ணாடி அலமாரி கிலுகிலுத்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டில் அன்னாசி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எப்படி எழுந்தேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மகன் வெளியே வந்து என் கையைப் பிடித்தான். விடுடா, வெக்கையா இருந்துச்சு என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சின்னப் பெட்டி. ஒரு கையில் தூக்கலாம். பழைய பெட்டியில் உள்ளே இருக்கிற இரும்புச் சுருள் இதில் இல்லை, காந்தமும் வேறு வகை, அதனால்தான் லேசு என்று கடைக்காரர் விளக்கினார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயமில்லாத சத்தம். ஆனால் மகன் கடையில் வேலை செய்கிற ஒருவரை மூலையில் கிடந்த ட்ரம்ஸைக் கலியாண வீட்டில் அடிப்பது போல அடிக்கச் சொன்னான். அவர் அடித்தார். பெட்டிச் சத்தம் அதற்குள் முழுகிப் போனது. ஹோட்டலில் என்றால் வயர் கொடுத்து அவர்களுடைய பெரிய ஸ்பீக்கரில் சேர்த்துவிடலாம் என்றார் கடைக்காரர். தோட்டத்துக் கலியாணத்தில் அதெல்லாம் ஏது என்றான் மகன். அவன் கண் பெரிய பெட்டியிலேயே இருந்தது. சாப்பாட்டுக் கடையில் அடுத்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி.

இங்கே கேட்டு எனக்கு ஒன்றும் விளங்காது, பஸ் ஓடுகிறது, தரை சிமெண்டு, எங்கள் லயத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டையும் கொண்டுபோகிறோம் என்றேன். மகன் வெட்கத்தில் சாகப் பார்த்தான். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பேண்டின் பெரிய ஆள் அவருக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, திங்கள் காலையில் கீறல் இல்லாமல் வந்துவிட வேண்டும் என்று சம்மதித்தார்.

ஞாயிறு வெயில் அடித்தது. மழையில்லாத நாளில் மலைச் சத்தத்துக்கு எங்கே போவது. அப்போதுதான் எனக்குப் பீப்பாய் ஞாபகம் வந்தது. ரோட்டுக்குத் தார் போட வந்தவர்கள் விட்டுப்போன இரும்புப் பீப்பாய். ரோடு பாதியில் நின்றுவிட்டது, பீப்பாய் எங்களிடம் தங்கிவிட்டது. அதற்குள் கல்லைப் போட்டு, வாயைச் சாக்கால் அடைத்து, கைவிட்ட தேயிலைக்கு நடுவில் இருக்கிற காய்ந்த ஓடையில் மேலேயிருந்து உருட்டினால் நேராக எங்கள் கானுக்கு வந்து முட்டும். மகன் வாசிக்கட்டும். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். பீப்பாய் வருவது எனக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம்.

மருமகளுக்கு மலையேறுகிற கால். அவளும் பக்கத்துக் காம்பராக்காரியின் புருஷனும் உருட்ட ஒப்புக்கொண்டார்கள். யாரும் பயந்துவிடக் கூடாது என்று நான் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன். பீப்பாய்தான் வரப்போகிறது, மழை நாள் மாதிரி எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள், டிவி போடுகிறவர்கள் போடுங்கள், யாருக்குக் கேட்கிறது என்று பார்ப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை என்ன, எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி வாய்க்காரி. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

“மலை சும்மாதானே கெடக்கு மதினி. அதுக்குச் சொல்லிக் குடுக்கவா பீப்பாயை உருட்டுறீங்க?” என்றாள்.

“உருள்றது ஒங்காதுக்குக் கேக்குதான்னு பாக்கத்தான்” என்றேன்.

“எங்காது நல்லா இருக்கு. நீங்க ஓடிராம இருங்க” என்று கதவைச் சாத்தினாள்.

முதலில் பெரிய பெட்டி. மகன் கலியாண வீட்டில் வாசிப்பது போலவே வாசித்தான், எல்லோரும் எழுந்து ஆடுகிற ஒரு பைலாப் பாட்டுக்கு. நான் முன் காம்பராவில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, கையைச் செவரில் வைத்திருந்தேன். தரை முழுக்க அவன் சத்தம். செவர் முழுக்க அவன் சத்தம். வெடிப்பிலிருந்து சுண்ணாம்பு மாவு உதிர்ந்தது. நான் காத்திருந்தேன். இன்னும் உருட்டவில்லை போல என்று நினைத்தேன். மேலே போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று மனதுக்குள் திட்டினேன். பேத்தி அந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டினாள். எனக்கும் லேசாக ஆடியிருக்கும்.

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. மருமகள் நின்றாள். முகமெல்லாம் வேர்வை, தலையில் தேயிலைச் சருகு.

“ரெண்டு வாட்டி உருட்டியாச்சு அத்தை. ரெண்டாவது வாட்டி அடிச்ச அடியில கான் கல்லே பேந்து போச்சு. உள்ள இருந்து என்ன செய்றீங்க?”

மகன் வாசிப்பதை நிறுத்தினான். நான் எழுந்து பின் பக்கம் போய்ப் பார்த்தேன். பீப்பாய் கானில் கிடந்தது. எங்கள் செவரிலிருந்து விளக்குமாற்றை நீட்டினால் தொடலாம். கட்டிலிருந்து ஒரு பெரிய கல் கழன்று விழுந்திருந்தது. அத்தனை இரும்பும் கல்லும் என் முதுகுக்குப் பின்னால் வந்து இரண்டு தடவை இடித்திருக்கிறது, நான் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் காம்பராக்காரியும் வந்து பார்த்தாள். எனக்கும் கேக்கல மதினி என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது சின்னப் பெட்டி. பீப்பாயை மறுபடி மேலே ஏற்றினார்கள். கதவுகளைச் சாத்தினோம். மகன் அதே பாட்டை வாசித்தான்.

இந்தத் தடவை வந்தது. குதிகாலில்தான் முதலில் வந்தது, பிறகு முழங்காலுக்கு ஏறியது. அது பீப்பாய் என்று எனக்குத் தெரியும். உருட்டச் சொன்னவள் நான். கல் போடும்போது பக்கத்தில் நின்றவள் நான். இத்தனையும் தெரிந்தும், பேத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் கீழே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றேன். நான் மட்டுமா. லயமே அங்கே நின்றது. பக்கத்துக் காம்பராக்காரி கையில் கறி அகப்பை. ஒரு பெரியவர் பாதி முகத்தில் சவுக்கார நுரையோடு. ஐடென்டிகார்டும் பிறப்புப் பத்திரமும் போட்டுக் கதவோரம் மாட்டியிருப்போமே, அந்தப் பையோடு சிலர். எல்லோரிடமும் வாசலுக்கு வாசல் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஓடி வந்திருந்தோம்.

பீப்பாய் கானில் இடித்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிரிக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நுரை முகக்காரரைக் காட்டிச் சிரித்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரி அகப்பையைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. நான் ஆள் பார்த்தேன். பேத்தி கையில் இருக்கிறாள். மருமகள் மேலே பீப்பாய்ப் பக்கம். மகன் என்னோடுதான் ஓடி வந்தான், படியில் அவன் தோள் என் தோளில் இடித்தது. இப்போது பக்கத்தில் இல்லை. திரும்பி மேலே பார்த்தேன். எங்கள் வாசலில் குனிந்திருந்தான். உள்ளே போய் அந்தப் பெரிய பெட்டியைப் பிடித்து நிலைப்படிக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தான். கனம். வரவில்லை. இழுக்கிறான்.

என் தங்கச்சி வெளியே வந்தவள்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கண்ணால் பார்த்தோம், பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளும் வாசலைத் தாண்டி வந்தாள். பிறகு தையல் மெஷினுக்காகத் திரும்பிப் போனாள். தவணைக்கு வாங்கிய மெஷின். நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மகனிடம் கேட்டேன். பேத்தியை இறக்கி விடவில்லை, இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

“எதுக்குடா உள்ள போன?”

“கடைக்காரர் பெட்டிம்மா. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“ஒம் மக இங்க நிக்கிறா.”

“தெரியும். பார்த்துட்டுத்தான் போனேன். பீப்பாய்தானேம்மா.”

“பீப்பாய்ன்னு தெரிஞ்சுதானே வெளிய ஓடின. பின்ன எதுக்கு ஓடின?”

அவன் பெட்டியின் மூலையில் நிலைப்படி பட்ட இடத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கே அவன் கால் எங்கே போகிறது என்று தெரியாத முகம்.

அதுவரை சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பயம் இடம் மாறிவிட்டது. எனக்குக் கேட்கும், நான் கத்துவேன், எல்லோரும் ஓடுவார்கள், அவனும் ஓடுவான். பிறகு திரும்புவான். பெரிய பெட்டியானால் இழுத்துக்கொண்டு நிற்பான். சின்னப் பெட்டியானால் ஒரு கையில் தூக்கிவிடலாம் என்ற தைரியத்தில் திரும்புவான். லேசாக இருக்கிற பெட்டிதான் ஆபத்து என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மறுபடி கடைக்குப் போனோம். பெட்டிகளைக் கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் கதிரையில் உட்காரவில்லை.

“மொதலாளி, எதைத் தூக்கிக்கிட்டு ஓடலாம்னு கேக்க வரல. விட்டுட்டு ஓடுற மாதிரி என்ன இருக்கு?”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் மலையில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் போல. கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு சின்னச் சாமானை எடுத்து வைத்தார். அரிச்சுவடிப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். இதுதான் தலை என்றார். சத்தத்துக்கு வேண்டிய பலமெல்லாம் இதற்குள் இருக்கிறது. வாய் தனி. ஒரு வாய் வைத்த லேசான பெட்டி இரண்டு, கைக்கொன்றாகத் தூக்கலாம். சின்ன இடத்துக்கு ஒன்று, கலியாணத் திடலுக்கு இரண்டும். வாய்ப் பெட்டிகளை வாசிக்கிற ஊரிலேயே விட்டுவிடலாம். தலையை வேலை செய்கிற இடத்தில் வைக்கலாம்.

மகன் மாட்டினான். ட்ரம்ஸ்காரரை முடிந்த மட்டும் அடிக்கச் சொன்னான். அவர் அடித்தார். இந்தப் பெட்டி முழுகவில்லை. அடிக்கு அடி கீழேயிருந்து தாங்கிக்கொண்டு வந்தது. அலமாரி கிலுகிலுத்தது. நான் இந்தத் தடவை வெளியே போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் முகத்தில் சின்ன வயதில் பார்த்த ஒரு தெளிவு வந்திருந்தது.

இதை எடு என்றேன். ஆனால் வாயும் வேண்டாம், தலையும் வேண்டாம், ஒன்றும் லயத்துக்கு வரக்கூடாது. மழைக் காலத்தில் கிட்டாரும் வரக்கூடாது. பெட்டிக்குச் சரி என்றான். எல்லயில் பேண்டின் பெரிய ஆள் வீட்டில் வைக்கலாம், தலையை டயர் கடையில் பூட்டலாம் என்று அவனே வழி சொன்னான். கிட்டார் என்றதும் முகம் மாறியது.

“கிட்டாரை மட்டும் கேக்காதம்மா. வயர் இல்லாம வாசிச்சா காதோரம் நுளம்பு பறக்குற சத்தம்கூட வராது.”

“சத்தத்துக்காகக் கேக்கல” என்றேன்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தி ஒரு திங்கட்கிழமை அவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாயந்தரம் வெறுந்தோளோடு வந்தான். நான் ரொட்டியை வைத்தேன்.

பெட்டி வாங்கியதற்கும் மழைக்கும் இடையில் ஒரு தடவை எல்லயில் அவர்கள் வாசிப்பதைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனான். பெட்டி எப்படிக் கேட்கிறது என்று நீயே வந்து பாரு என்றான். அந்த ஹோட்டல் மண்டபம் பாதி மலையிலும் பாதி தூணிலும் நிற்கிறது. கண்ணாடிச் செவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். எனக்கு ஒரு நல்ல கதிரை போட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் செருப்பில்லாமல் குதித்து ஆடினார்கள். ட்ரம்ஸ் காதைப் பிளந்தது, அதற்குக் கீழே என் மகன் தெளிவாகக் கேட்டான். பேண்டின் பெரிய ஆள் அவனைப் பார்த்துத் தலையசைத்ததையும் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தரை ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டத்தால் ஆடுகிறதா, பாட்டால் ஆடுகிறதா, வேறெதனால் ஆடுகிறதா என்று என் காலுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வாசித்து முடியும்வரை நான் மேடையைப் பார்க்கவில்லை. தூணையும் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டான். நல்லாக் கேட்டுச்சு, இனி ஒன்னைய மாத்த மாட்டாங்க என்றேன்.

இப்போது மழைக் காலம். இதை எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதும்போதும் பெய்கிறது. ஸ்கூலுக்குப் போகிற அளவு மழை இல்லை என்கிறார்கள். கிட்டார் மாட்டியிருந்த ஆணி சும்மா இருக்கிறது. லீவு நாளில் மகன் வெறுங்கையோடு உட்கார்ந்து, விரலால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறான். சத்தமில்லாமல் வாசிக்கிறான். நான் சொல்லி அவன் செய்த காரியம். அவன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு இரக்கமாகத்தான் இருக்கிறது.

மழை தகரத்தில் விழுகிறதைக் கேட்டுக்கொண்டு நான் கணக்குப் போடுகிறேன். சத்தம் வந்தால் மருமகள் பேத்தியைத் தூக்குவாள், அவள் கால் வேகம். பை கதவில் இருக்கிறது, மகன் எடுப்பான். களத்துக்கு இறங்குவார்கள். பிறகு அவன் திரும்பிப் பார்ப்பான். பெட்டி இல்லை, கிட்டார் இல்லை. வீட்டில் அவன் திரும்பி ஓடி வருகிற மாதிரி என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு சாமானாக யோசித்துப் பார்த்தேன். அலமாரிக்கு வர மாட்டான். டிவிக்கு வர மாட்டான். எல்லாம் யோசித்து முடித்தபோது நான்தான் மிச்சம் இருந்தேன்.

பீப்பாய் உருட்டிய அன்றைக்கு ஓடிய முழங்கால் இப்போது இல்லை. பனிக்குப் பிடித்துக்கொள்கிறது. எழும்புவதற்குச் செவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பாயை உள் காம்பராவிலிருந்து எடுத்து முன் வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். பகலிலும் அங்கேதான் இருக்கிறேன். எல்லோருக்கும் முந்தி நான் வெளியே இருந்துவிட்டால் அவன் யாருக்காகத் திரும்புவான்.

சாரல் மேலே அடிக்கிறது, உள்ளே வாங்க அத்தை என்று மருமகள் சத்தம் போடுகிறாள். இங்கேதான் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்குகிறேன். குளிர்கிறது. கதவை மட்டும் சாத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.